ஓரத்தை விட்டு ஒரு மீட்டர்: மதுரைச் சாலைகளில் சைக்கிள்

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் பிள்ளையிடம் மதுரை வீடுகளில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "ஓரமாப் போப்பா." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் நகருக்குள் சைக்கிள்காரரைக் கீழே தள்ளுகிற பல விஷயங்கள் அந்த ஓரத்தில்தான் காத்திருக்கின்றன. திடீரென்று திறக்கும் கார்க் கதவு, எதிர்த்திசையில் வரும் பைக், ஆளைப் பார்த்ததும் ஒதுங்கும் ஷேர் ஆட்டோ, வடிகாலின் உடைந்த மூடி, காற்றடித்துக் குவிந்த மணல், கடை வாசலிலிருந்து பின்னால் எடுக்கப்படும் வண்டி, எல்லாமே அங்கேதான். ஓரத்தை ஒட்டியே போகிறவருக்கு இடப்பக்கம் விலக இடமில்லை. எது குறுக்கே வந்தாலும் வலப்பக்கம் வெட்டித்தான் ஆக வேண்டும். பின்னால் வருகிற பஸ் டிரைவர் அந்த வெட்டை எதிர்பார்த்திருக்க மாட்டார். அடி படுவது அங்கேதான்.

ஆகவே முதலில் பழக வேண்டியது ஓரத்தை விட்டுத் தள்ளி ஓட்டுவது. எவ்வளவு தள்ளி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஹேண்டில்பாரின் அகலம் வண்டிக்கு வண்டி 55 முதல் 65 செ.மீ. வரை இருக்கும். கார்க் கதவு முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். டவுன் ஹால் ரோடு, காமராஜர் சாலை போல ஓரமெல்லாம் வண்டி நிறுத்தியிருக்கும் இடங்களில், நிற்கிற வண்டிகளுக்கும் உங்கள் ஹேண்டில்பார் முனைக்கும் நடுவே ஒரு மீட்டர் இருக்கட்டும். வண்டி எதுவும் நிற்காத தெருவில் தார் முடிகிற விளிம்பிலிருந்து சக்கரம் முக்கால் முதல் ஒரு மீட்டர் தள்ளி ஓடட்டும். இந்த இடைவெளி இருந்தால் பள்ளம் வந்தாலும் நாய் வந்தாலும் இடப்பக்கமே விலகிக்கொள்ளலாம், வலப்பக்கம் பாய வேண்டிய தேவை வராது.

இடைவெளியைப் போலவே கோடும் முக்கியம். நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவே இருபதடி காலியாகத் தெரிந்தால் பலர் உள்ளே நுழைந்து மறுபடி வெளியே வருகிறார்கள். உள்ளே போன சைக்கிளைப் பின்னால் வருகிறவர் மறந்துவிடுவார். வெளியே வரும்போது அவருக்கு நீங்கள் எங்கிருந்தோ முளைத்த ஆள். அந்தக் காலியிடம் உங்களுக்கானது அல்ல என்று விட்டுவிட்டு நேர்க்கோட்டிலேயே போங்கள். நேராகப் போகிற சைக்கிளைச் சுற்றிப் போவது எந்த டிரைவருக்கும் கஷ்டமில்லை. நெளிகிற சைக்கிள்தான் அவரைத் தடுமாற வைக்கிறது.

ஹாரன் அடித்ததும் ஹேண்டிலை ஒடிப்பதை விட வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான ஹாரனுக்கு "நான் பின்னால் வருகிறேன்" என்றுதான் அர்த்தம். கேட்டுக்கொண்டு அதே கோட்டில் போங்கள். பின்னால் பஸ் தொடர்ந்து வருகிறது, வழி விடத்தான் வேண்டும் என்றால் இடது ஓரம் பத்துப் பதினைந்து மீட்டர் சுத்தமாக இருக்கும் இடம் வரும்வரை பொறுத்து, திரும்பிப் பார்த்து, நிதானமாக ஒதுங்கி, பஸ் போன பிறகு பழைய கோட்டுக்கு வாருங்கள். ஆவணி மூல வீதிகளிலிருந்து பிரியும் சந்துகள் மாதிரி, ஒரு காரும் ஒரு சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாத இடங்களில் நடுவிலேயே ஓட்டுவது நல்லது. ஓரமாகப் போனால் நுழைந்துவிடலாம் என்று கார்க்காரருக்குத் தோன்றும், நுழைந்த பிறகுதான் இடம் போதாது என்று தெரியும்.

இதெல்லாம் வண்டிகள் 20, 25 கி.மீ. வேகத்தில் ஊர்கிற இடங்களுக்கு. பைபாஸ் ரோடு, மேலூர் ரோடு, ரிங் ரோடு, திருமங்கலம் பக்கத்து நான்குவழிச் சாலை இங்கெல்லாம் கணக்கு தலைகீழ். 60, 80 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு உங்களைப் பார்த்து முடிவெடுக்க நேரமில்லை. அங்கே இடம் பிடித்து ஓட்டுகிற பேச்சே கூடாது. சர்வீஸ் ரோடு இருந்தால் அதில், இல்லாவிட்டால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே. நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த பறக்கும் பாலம் 7 கி.மீ.க்கு மேல் நீளம். நடுவில் நிற்க முடியாது, குறுக்குக் காற்று வேறு. சைக்கிளுக்குக் கீழ்ச் சாலைதான்.

திரும்பிப் பார்ப்பது தனிக் கலை. பலர் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கும்போது கையும் சேர்ந்து திரும்பி, பார்த்த பக்கமே சைக்கிள் சாய்ந்து போகிறது. காரணம், முழங்கை விறைத்திருப்பது. முழங்கை இரண்டையும் லேசாக மடக்கி, தோளைத் தளர்த்தி, மோவாய் வலத் தோளைத் தொடுகிற மாதிரி தலையை மட்டும் திருப்ப வேண்டும். அரை நொடி போதும். பின்னால் என்ன வண்டி, எவ்வளவு தூரம், இரண்டை மட்டும் பார்த்துக்கொண்டு முகத்தை முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றியிருக்கும் ரோடு அதிகாலையில் இதற்குத் தோதானது. தரையில் கோடு இருக்கும் இடத்தில் அதன்மேல் சக்கரத்தை வைத்து, கோடு பிசகாமல் பார்க்க வருகிறதா என்று பழகிக்கொள்ளலாம். இது வராமல் பகல் நேரத்தில் சிம்மக்கல் பக்கம் போகக் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். வலப்பக்கம் கண்ணாடி ஒன்று மாட்டிக்கொள்வது துணைக்கு நல்லதுதான். ஆனால் சின்னக் கண்ணாடியில் வண்டி தூரத்தில் வருவது மாதிரி தெரியும், கோட்டை மாற்றுமுன் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

கை காட்டுவதில் ஒரு நுணுக்கம். வலப்பக்கம் போவதற்குக் கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டி, இரண்டு மூன்று நொடி வைத்திருந்து, திருப்பத்துக்கு முன்பே ஹேண்டிலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கையை நீட்டிக்கொண்டே திரும்பினால் பிரேக் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். பின்னால் வருபவரைக் கொஞ்சம் நிதானிக்கச் சொல்ல, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தட்டுத் தட்டுவது எல்லாருக்கும் புரிகிறது. "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் ஆட்டோக்காரர்கள் பலர் விட்டுக்கொடுக்கவும் செய்கிறார்கள்.

ஷேர் ஆட்டோவைப் பற்றிப் புகார் சொல்லாதவர் இல்லை. ஆனால் அது எப்போது ஒதுங்கும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். ஆட்டோவைப் பார்க்காமல் ரோட்டோரம் நிற்கிற ஆட்களைப் பாருங்கள். யாராவது கையைத் தூக்கினால், கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்த்தால், பையைக் கையில் எடுத்தால், முன்னால் போகும் ஆட்டோ இரண்டு நொடிக்குள் இடப்பக்கம் வெட்டப் போகிறது. உள்ளே இருப்பவர் குனிந்து சில்லறையை நீட்டினாலும் அதே அர்த்தம். அந்த நேரத்தில் ஆட்டோவின் இடப்பக்கம் நீங்கள் இருக்கக் கூடாது. பெடலை நிறுத்தி, ஐந்து மீட்டர் பின்தங்கி, ஆட்டோ நின்றதும் திரும்பிப் பார்த்துவிட்டு அதை வலப்பக்கமாகக் கடக்கலாம்.

டவுன் பஸ் இன்னும் கவனம் கேட்கும். ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கம் புகுந்து போவதை அறவே விட்டுவிடுங்கள். படியிலிருந்து இறங்குகிறவர் பின்னால் சைக்கிள் வரும் என்று நினைத்து இறங்குவதில்லை. வலப்பக்கமாகக் கடப்பதும் பாதி நேரம் ஆபத்துதான். நீங்கள் பாதி நீளம் வந்திருக்கும்போது விசில் கேட்டால் பஸ் உங்கள்மேல் சாய்ந்துகொண்டு வெளியே வரும். பஸ் இப்போதுதான் நின்றது, கூட்டம் ஏறுகிறது என்றால் கடக்கலாம். எப்போது நின்றது என்று தெரியாவிட்டால் நாலு மீட்டர் பின்னால் நின்று விசிலுக்குக் காத்திருப்பதே சரி. பின்னால் ஒட்டி நிற்காதீர்கள், ஏற்றத்தில் நிற்கும் பஸ் கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் வரும்.

நீளமான வண்டி திரும்பும்போது நடப்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் விளக்கிச் சொல்ல வேண்டும். பஸ்ஸோ லாரியோ இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, அதைவிட உள்ளே வெட்டிக்கொண்டு போகும். சிக்னலில் பஸ்ஸுக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவே ஒரு மீட்டர் காலியாகத் தெரிகிறதே என்று அங்கே போய் நின்றவர், பஸ் திரும்பும்போது அந்த ஒரு மீட்டர் முழுதையும் இழந்துவிடுவார். முன்பக்கம் தாண்டியது, பிழைத்தோம் என்று நினைக்கும் நேரத்தில் பின்சக்கரம் வருகிறது. ஆகவே சிக்னலில் பெரிய வண்டியின் இடப்பக்கம் நிற்பதே கூடாது. அதற்குப் பின்னால் நில்லுங்கள், அல்லது நன்றாக முன்னால் போய் நில்லுங்கள். முன்னால் என்றால் பம்பரை ஒட்டி அல்ல. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு மூக்குக்கு நேர்கீழே இருப்பது தெரியாது, மூன்று நாலு மீட்டர் தள்ளி நின்றால்தான் தெரியும். அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்களையும் அவர் பார்க்கவில்லை.

கோரிப்பாளையம் மாதிரிச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் ரோட்டின் நடுவுக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் வழியாக வந்து பனகல் சாலைக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். பச்சை விழுந்ததும் இடப்பக்கமே நேராகச் சந்திப்பைக் கடந்து, எதிர்ப்பக்க மூலையில் நிறுத்தி, சைக்கிளை அங்கேயே பனகல் சாலையைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு, அந்தத் திசைக்குப் பச்சை விழும்போது மறுபடி நேராகப் போகலாம். ஒரு சிக்னல் நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். கூட்டம் அதிகமாக இருந்தால் இறங்கி, நடப்பவர்களோடு தள்ளிக்கொண்டு போவதில் எந்த வெட்கமும் இல்லை. பச்சை விழுந்தவுடன் பாயாமல் இரண்டு நொடி விட்டு வலப்பக்கம் பாருங்கள், சிவப்பைத் தாண்டி வரும் கடைசி வண்டி அந்த இரண்டு நொடிக்குள்தான் வரும். கிளம்பும்போது சைக்கிள் அதிகமாக ஆடும். நிற்கும்போதே ஒரு பெடலை மேலே முன்பக்கமாகத் தூக்கி வைத்திருந்தால் ஒரே மிதியில் வண்டி நேர் நிற்கும்.

எதிர்த்திசையில் வரும் டூவீலர் மதுரையில் தினப்படி விஷயம். அவரும் ஓரத்தை ஒட்டித்தான் வருவார். நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் பெரும்பாலும் அவர் உங்களுக்கு இடப்பக்கமாகவே போய்விடுவார், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இடம் போதாவிட்டால் வலப்பக்கம் வெட்டாமல் பிரேக் பிடித்து, காலை ஊன்றி நின்றுவிடுங்கள். சுற்றிப் போக வேண்டியவர் அவர். திட்ட ஆரம்பித்தால் கவனம் போகும்.

கீழமாசி வீதி மளிகைக் கடைப் பகுதியில் லோடு இறங்கும் நேரம் தனி உலகம். மூட்டை தலையில் இருக்கும் சுமைதூக்கும் அண்ணன்மாருக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, நிற்கவும் முடியாது. அவர்களுக்கு வழி விட்டு நிற்பதுதான் முறை. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வண்டியைத் தட்டிச் சத்தம் கொடுப்பவர் யாராவது இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பின்பக்கம் கடக்க வேண்டும். அவிழ்ந்து தொங்கும் கயிறு போக்ஸ் கம்பியில் சிக்கினால் ஒரு சுற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். சித்திரை வீதிகளில் வண்டிகளுக்குத் தடை இருப்பதால் கோயிலைச் சுற்றிப் போகிறவர்கள் ஆவணி மூல வீதிகளுக்குத் தள்ளப்படுகிறார்கள். கூட்ட நாட்களில் மாசி வீதி வரை வெளியே போய்ச் சுற்றிக்கொள்வது நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

இனி தரை. தார் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம் நீளவாக்கில் ஓடும், ஒரு பக்கம் இரண்டு மூன்று அங்குலம் இறங்கியிருக்கும். அந்த விளிம்பை ஒட்டியே ஏற முயன்றால் முன்சக்கரம் விளிம்பில் உரசி வழுக்கும், உடம்பு மட்டும் முன்னால் போகும். விளிம்பைக் குறுக்காக, முடிந்தவரை செங்குத்தாக வெட்டித் தாண்ட வேண்டும். அதற்கு முன்பே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். மழைநீர் வடிகாலின் கம்பி மூடியில் கம்பிகள் ரோட்டின் நீளவாக்கில் இருந்தால் ஒல்லி டயர் உள்ளே இறங்கிவிடும். மணலில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலையும் திருப்பாதீர்கள். பெடலை நிறுத்தி நேராக உருண்டு வெளியே வந்த பிறகு பிரேக் பிடிக்கலாம். வண்ணம் பூசாத வேகத்தடைகள் நம்மூரில் நிறைய. இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்கும்படி நிறுத்தி, சீட்டிலிருந்து ஓரங்குலம் எழுந்து, முழங்காலை மடக்கினால் அதிர்ச்சி காலோடு போய்விடும். உட்கார்ந்தபடியே ஏறினால் இடுப்பும் ரிம்மும் சேர்ந்து வாங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை சேர்கிறது. நீர் தேங்கிய இடத்தில் ஆழம் தெரியாது. முன்னால் போகும் பைக் எங்கே குலுங்குகிறது என்று பார்த்து அந்த இடத்தைத் தவிர்க்கலாம். மணி நகரம் கர்டர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றால் இறங்கிப் பார்க்கும் சோதனையே வேண்டாம், திரும்பி விடுங்கள். வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் யானைக்கல் தரைப்பாலமும் அப்படியே. மேம்பாலத்தின் இரும்பு இணைப்பு, நடைக்கோட்டு வண்ணம், வேலை நடக்கும் இடத்தில் போட்ட இரும்புத் தகடு மூன்றும் நனைந்தால் சவுக்காரம் தடவிய மாதிரி. அவற்றின்மேல் இருக்கும்போது திருப்பமும் பிரேக்கும் கூடாது.

பிரேக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் பலர் பின் பிரேக் ஒன்றையே நம்பி ஓட்டுகிறார்கள். சைக்கிள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தடையைக் கண்டு விரல் பிரேக்கை அழுத்த ஒரு நொடி, அதற்குள் அந்த 4 மீட்டர் போய்விடும். இரண்டு பிரேக்கும் ஒழுங்காகப் பிடித்தால் மேலும் 2 மீட்டர் சொச்சத்தில் நிற்கும். பின் பிரேக் மட்டும் என்றால் அதுவே மூன்றரை மீட்டர் ஆகும். 20 கி.மீ. வேகத்தில் இரண்டும் பிடித்தாலே மொத்தம் ஒன்பது, பத்து மீட்டர் தேவை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகித் தேய்ந்து வழுக்குகிறது. பின் பிரேக் குறைவாகப் பிடிப்பதன் காரணம் அதுதான். பின் பிரேக்கை முதலில் தொட்டு, உடனே முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி, கையை ஊன்றி உடம்பைப் பின்னால் தள்ளிக்கொண்டால் குப்புற விழ மாட்டீர்கள். சட்டென்று முழு அழுத்தம் கொடுப்பதும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது கொடுப்பதும்தான் ஆளைத் தூக்கி எறிகிறது. நம்மூர் வண்டிகளில் பொதுவாக வலக்கை முன் பிரேக், இடக்கை பின் பிரேக். ஆனால் ரிப்பேருக்குப் பிறகு மாற்றி மாட்டியிருக்கலாம், தள்ளிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி பிரேக் வைத்த பழைய வண்டிகளிலும் இரும்பு ரிம் உள்ள வண்டிகளிலும் மழையில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவது நல்லது. ரிம்மின் மேலிருக்கும் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் ரப்பர் கடிக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து, சக்கரம் மூன்று நாலு சுற்றுச் சுற்றிய பிறகு அழுத்த வேண்டும். பிரேக் கட்டை ரிம்மிலிருந்து 2, 3 மி.மீ. தள்ளி இருக்கட்டும். கட்டையில் வெட்டியிருக்கும் பள்ளக்கோடுகள் மறைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், அதற்குமேல் கட்டையின் இரும்பு ரிம்மைச் சுரண்டும். முழு பலத்தில் அழுத்தியும் லீவருக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். லீவர் ஹேண்டிலைத் தொட்டுவிட்டால் அந்த வண்டிக்குப் பிரேக் இல்லை.

காற்று குறைந்த டயர் திருப்பத்தில் நழுவும், பள்ளத்தில் ரிம் அடி வாங்கி டியூபை இரண்டு பக்கமும் கடித்துப் பஞ்சராக்கும். 28 அங்குலப் பெரிய சைக்கிளுக்கு 50 பவுண்டு அளவும், 26 அங்குலத் தடித்த டயருக்கு 40 முதல் 50 வரையும் போதும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் அடிப்பதாக இருந்தால் விட்டு விட்டுத்தான் அடிக்கச் சொல்ல வேண்டும், சைக்கிள் டியூபுக்கு இரண்டு நொடியே அதிகம். சித்திரை வெயிலில் முழுக் காற்றோடு வெட்டவெளியில் நிறுத்திய பழைய டியூப் வெடிப்பது அபூர்வமல்ல. செயின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆடட்டும். அதற்குமேல் தொங்கினால் சிக்னலில் அழுத்தி மிதிக்கும்போது நழுவும், நடு ரோட்டில் கால் பிசகும். சக்கரம் நெளிந்து ஒரு பக்கம் பிரேக் கட்டையை உரசினால் கோட்டம் எடுக்கக் கொடுத்துவிடுங்கள், கட்டையைத் தளர்த்திச் சமாளிக்க வேண்டாம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிள் மொத்தமாகப் பூட்டி வருகிறது. வாங்கிய அன்றே கடையில் கொடுத்து நட்டு எல்லாம் முறுக்கி, பிரேக் சரிபார்த்து, சீட் உயரம் வைத்துக்கொள்வது அவசியம். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், வழக்கமான பக்கமே முறுக்கி மரையைக் கெடுத்த வண்டிகள் ஏராளம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும், அதுதான் சரியான உயரம். நெரிசலில் ஓட்டப் பழகும்வரை அதைவிட ஓரங்குலம் தாழ்த்தி வைத்தால் காலை ஊன்றுவது சுலபம். பெரியவர் சைக்கிளில் குரங்குப் பெடல் போடும் சிறுவரைத் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ரோட்டுக்கு விடாதீர்கள்.

சைக்கிள் காயங்களில் மிகக் கொடுமையானது, கேரியரில் உட்கார்ந்த குழந்தையின் கால் பின்சக்கரத்தில் போவது. கணுக்காலின் தோல் முழுதாக உரியும், எலும்பும் முறியலாம். இரண்டு பக்கமும் சக்கரத்தை மூடும் வலை அல்லது தகடு, காலை வைக்க மேடை, இந்த இரண்டும் இல்லாமல் குழந்தையை ஏற்றவே கூடாது. தூங்குகிற குழந்தையோடு ஓட்டாதீர்கள், தூக்கத்தில் கால் தொங்கும். துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். சேலைக்குப் பின்சக்கர கார்டும் முழுச் செயின் கவரும் வேண்டும். ஹேண்டிலில் பை மாட்டினால் திருப்பத்தில் போக்ஸ் கம்பிக்குள் போகும், எல்லாம் கேரியருக்கே போகட்டும். இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடம் கட்டிய சைக்கிளின் அகலம் ஒரு மீட்டரைத் தொடும் என்பதையும், நிற்க இன்னும் கூடுதல் தூரம் வேண்டும் என்பதையும் மனதில் வைத்து இடைவெளி விடுங்கள்.

இருட்டிய பிறகு உங்களைக் காட்டுவது பின்விளக்குதான். டைனமோ நின்றால் அணைந்துவிடும், சிக்னலில் நிற்கும்போதுதான் அது அதிகம் தேவை. ஆகவே பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கைச் சீட்டுத் தண்டில், பையோ குடமோ மறைக்காத உயரத்தில் மாட்டுங்கள். முன்விளக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால் தரையில் விழட்டும், மேலே தூக்கினால் எதிரில் வருகிறவர் கண் கூசும், உங்களுக்குப் பள்ளமும் தெரியாது. பெடலின் மஞ்சள் பிரதிபலிப்பான் மேலும் கீழும் போவதால் தூரத்திலிருந்தே சைக்கிள் என்று தெரிந்துவிடும். உடைந்திருந்தால் மாற்றுங்கள், செலவு மிகக் குறைவு. பின் மட்கார்டில் ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றும் ஒட்டிக்கொள்ளலாம். எதிரில் ஹைபீம் அடித்து ஒரு வண்டி வந்தால் ரோட்டின் இடது விளிம்பைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

ஹெல்மெட் சைக்கிளுக்கான லேசான வகையாக இருக்கட்டும். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல், வார் தாடைக்குக் கீழே ஒரு விரல் நுழையும் இறுக்கம். பிடரியில் தள்ளிப் போட்ட ஹெல்மெட் நெற்றியைக் காக்காது.

எந்த வழியாகப் போகிறோம் என்பதும் பாதுகாப்புதான். கீழவாசல் பக்கமிருந்து அண்ணா நகர், கே.கே. நகர் போகிறவர்களுக்குக் குருவிக்காரன் சாலைப் பாலம் இருக்கும்போது கோரிப்பாளையம் எதற்கு? வைகைக் கரைச் சாலைகள் பல இடங்களில் நகரத்தின் குறுக்குத் தெருக்களைவிட அமைதியானவை. பள்ளி விடும் நேரம், முகூர்த்த நாள், சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக்கு முன்னும் பின்னுமான நாட்கள், இவற்றில் நெரிசலுக்கு வெளியே சைக்கிளைப் பூட்டிவிட்டு நடப்பதே புத்திசாலித்தனம். தெருநாய் துரத்தினால் மிதித்துத் தப்பப் பார்க்காதீர்கள். வேகம்தான் அதைத் துரத்த வைக்கிறது. இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிள் இருக்கும்படி தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

விழுந்துவிட்டால் முதல் வேலை ரோட்டை விட்டு வெளியே வருவது. தலையில் அடி, வாந்தி, மயக்கம், கழுத்து வலி இருந்தால் ஆளை அசைக்காமல், வருகிற வண்டிகளை நிறுத்தி, 108க்கு அழைக்க வேண்டும். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும் என்பதால் பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

விழுந்த சைக்கிளை அப்படியே ஏறி ஓட்டாதீர்கள். ஹேண்டில் கோணியிருந்தால் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நேராக்கலாம். பிறகு தண்டு நட்டை முறுக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்து முன் ஃபோர்க் பின்னால் மடங்கியிருக்கிறதா, மேற்கம்பியிலும் கீழ்க்கம்பியிலும் ஹேண்டிலுக்கு அருகே பெயின்ட் சுருங்கியோ விரிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். மடங்கிய ஃபோர்க்கைத் தட்டி நிமிர்த்தித் தருவதாகக் கடையில் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாமல் புதிது மாற்றச் சொல்லுங்கள். நிமிர்த்திய இரும்பு பிறகு ஒரு வேகத்தடையில் சொல்லாமல் முறியும். ஹெல்மெட் தரையில் அடிபட்டிருந்தால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம், அதையும் மாற்றிவிடுங்கள்.